புறாக் கதையும் வேடர் பிள்ளைகளும்

இலங்கை வேடர் என்றதும் பலருக்குத் தம்பானைதான் நினைவுக்கு வருகிறது. வெருகல், வாகரை, மாங்கேணி எனக் கிழக்குக் கரையோரத்தில் வாழும் வேடர்களைப் பற்றி அறிந்தோர் குறைவு. இவர்களது பேச்சுமொழி தமிழ். காடும் களப்புமே சீவனோபாயம். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூல் இவர்களையும் பதிவு செய்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடற்கோளும், 2006 - 2007 யுத்த இடப்பெயர்வும் இக்கரையைச் சிதைத்துப்போட்டன.

அக்கரையின் சிறிய பாடசாலையொன்றில் நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியன். கற்பித்தற் பயிற்சிக்கு வரும் கலாசாலை ஆசிரிய மாணவர்களுக்கு இலக்கியமும் கதை கூறலும் பழக்குவது என் பொறுப்பு. கலாசாலையில் நானும் படித்த பாடம்தான் அது: குரல் ஏற்ற இறக்கம், பிறிஸ்டல் போட் படங்கள், விரற் பாவைகள், முடிவில் "இக்கதையால் அறியும் நீதி யாது?" என்ற வினா. எல்லாம் பயனுள்ளவையே. ஆனால், முன்னால் இருப்பவர்கள் யார் என்ற கேள்வி அதில் இல்லை.

ஒருமுறை ஆசிரிய மாணவி ஒருவர் புறாக்களும் வேடனும் கதையைச் சொன்னார். குறை சொல்ல முடியாத பாடம். முறுக்கு மீசையோடு வலை விரிக்கும் வேடனைப் படத்தில் காட்டியதும் பிள்ளைகள், "வேடன் கெட்டவன்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பின்வாங்குப் பையன் ஒருவன் எழும்பி, "இவட அப்பப்பாவும் வேடன்தான் டீச்சர்" என்று ஒரு சிறுமியைக் காட்டினான். வகுப்புச் சிரித்தது. அவள் தலையைக் குனிந்தபடி, "இல்ல டீச்சர், நாங்க வேடர் இல்ல" என்றாள்.

மறுநாள் மாலை அந்த ஆசிரிய மாணவியை அச்சிறுமியின் அப்பப்பாவிடம் அழைத்துச் சென்றேன். பெரியவர் புறாக் கதையை முழுதாகக் கேட்டார்.

"நல்ல கதைதான் மாஸ்டர். அந்த வேடன்ட புள்ளையள் அண்டைக்கு என்னத்தத் திண்டதுகள்?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. பிறகு அவர், பாலை மரப் பொந்தில் தேன் எடுக்கப் போன கதையைத் தொடங்கினார். தேனீ பறந்த திசை, காற்றின் பக்கம், புகை போடும் விதம் எல்லாம் அதில் இருந்தன. நடுவில் நிறுத்தி, "இப்ப நீங்க என்ன செய்வீங்க புள்ள?" என்று ஆசிரிய மாணவியிடம் கேட்டார். அவர் சொன்ன பதிலுக்குச் சிரித்து, "அப்ப குளவி உங்கள விடாது" என்றார். கதையின் கடைசியில் நீதி சொல்லவில்லை. அடையில் ஒரு பங்கை ஏன் விட்டுவர வேண்டும் என்பது கதைக்குள்ளேயே இருந்தது.

அடுத்த வாரம் புறாக் கதை மீண்டும் வகுப்புக்கு வந்தது. இம்முறை ஆசிரிய மாணவி பெரியவரின் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டார். வேடன் வீட்டு அடுப்பைப் பற்றி ஆளுக்கொன்றாக எழுதினார்கள். அச்சிறுமி எழுந்து, "எங்கட அப்பப்பா சொன்ன கதை" என்று தேன் கதையைச் சொன்னாள். வேடர் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

நமது இலக்கியத்தில் வேடன் வலைக்காரன் மட்டுமல்லன். கண்ணப்பர் வேடர், வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்தவள். சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்து வேடன், மான் சொன்னபடி திரும்பி வரக் கண்டு மனம் மாறுகிறான். இவற்றையெல்லாம் பரீட்சைக்குப் படித்த நாம் இவ்வகுப்புகளுக்கு எடுத்து வருவதில்லை.

2007இல் ஐ.நா. நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. தமது வாய்மொழி மரபுகளைச் சந்ததிக்குக் கையளிக்கும் உரிமையை அதன் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. அந்த உரிமை கொழும்பில் அல்ல, மூன்றாம் தர வகுப்பறையிலேதான் நிலைக்கவோ அழியவோ போகிறது.

பாடக்குறிப்பில் 'மாணவர் முன்னறிவு' என்று ஓர் இடம் உண்டு. ஆசிரிய மாணவர்கள் அதைக் கலாசாலை விடுதியில் இருந்தே நிரப்பி வருகிறார்கள். இப்பொழுது என்னிடம் வருவோருக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: ஒரு மாலையேனும் கிராமத்துத் திண்ணையில் இருந்து ஒரு கதையைக் கேட்டுவிட்டு வந்தே அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.