நான்கு கணினியும் ஒரு செக்ரோலும்

இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்திற்காக, ஆய்வுக்கூட மூலையில் தூசு படிந்து கிடந்த நான்கு பழைய கணினிகளை எடுத்து இணைத்தேன். ஒவ்வொன்றிலும் 2 ஜிகாபைட் நினைவகம். நான்கையும் 8 ஜிகாபைட் கொண்ட ஒரே கணினிபோல இயங்கவைத்து, பேராக் ஆற்றின் வெள்ள நீர்மட்டத்தைக் கணக்கிட வேண்டும். தெலுக் இந்தானில் பிறந்தவளுக்கு வேறென்ன தலைப்பு தோன்றும்?

எண்ணம் என்னுடையதல்ல. 1986இல் யேல் பல்கலைக்கழகத்தில் காய் லி தமது முனைவர் பட்ட ஆய்வில் இதைச் செய்து காட்டினார். நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்படும். எந்தக் கணினிக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ, அது கம்பி வழியே வந்து சேரும். ஒரு பக்கத்தை எத்தனை கணினியும் படிக்கலாம். ஆனால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் எழுதலாம். அப்போது மற்றவற்றிடம் உள்ள படிகள் செல்லாமல் போய்விடும். சென்னை, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 144 கணினிகளை இணைத்து 'கப்ரு' என்ற கொத்தை உருவாக்கியது. அங்கே கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பித்தான் வேலை செய்தன. பெரும்பாலோர் வழி அதுதான். நான்தான் வம்பை விலைக்கு வாங்கினேன்.

ஒரு கணினி 6 நிமிடத்தில் முடித்த கணக்கை என் நான்கு கணினிகள் 19 நிமிடத்தில் முடித்தன! இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் தலைப்பை மாற்றிவிடுங்கள் என்றார் மேற்பார்வையாளர். தலைப்பை மாற்றினால் இன்னொரு பருவம், இன்னொரு கட்டணம். வீட்டில் எப்படிச் சொல்வது?

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பா விடாமல் கேட்டார். தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் அறிவியலைத் தமிழில் பேசியதே இல்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நான்கு கணினியும் தத்தம் கூட்டுத்தொகையை அடிக்கடி எழுதுகின்றன, அந்த நான்கு எண்களும் அடுத்தடுத்து இருக்கின்றன என்றேன்.

"அப்ப எல்லாம் ஒரே பக்கத்துலயா பாப்பா?"

நான் வாயடைத்துப் போனேன்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். "ஒரு மாசம் ரெண்டு பெரட்டுக்கும் ஒரே செக்ரோல்தான் வந்துச்சு. என் ஆளுங்க பேரு வேற, அவர் ஆளுங்க பேரு வேற. ஆனா பக்கம் ஒண்ணு. நான் பேர் போட்டதும் அவர் மோட்டார்ல வந்து தூக்கிட்டுப் போவாரு. அப்புறம் நான் போவேன். எழுதுறதைவிட அலைச்சல்தான் அதிகம். கடைசியில தைச்சதைப் பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம் தாள் எடுத்துக்கிட்டோம். மாசக் கடைசியில சேர்த்துக் கூட்டினோம்."

இதற்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு. பாடத்தில் படித்துத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். என் நிரலில் அது இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. ஒரு பக்கம் 4096 பைட். என் நான்கு எண்களும் சேர்ந்தே 32 பைட்தான். அந்த 32 பைட்டுக்காக முழுப் பக்கமும் ஓயாமல் ஓடியிருக்கிறது. சொந்த நினைவகத்தைத் தொடுவதைவிடக் கம்பி வழியே ஒரு பக்கத்தை வரவழைக்க ஆயிரக்கணக்கான மடங்கு நேரமாகும்.

ஒவ்வோர் எண்ணையும் தனிப் பக்கத்தில் வைத்து, கடைசியில் ஒருமுறை மட்டும் கூட்டினேன். 2 நிமிடம் 10 விநாடி. நான்கு மடங்கு வேகம் கிடைக்கவில்லை. எல்லையோர நீர்மட்டங்கள் இன்னும் கணினிக்குக் கணினி போய்வரத்தான் வேண்டும்.

அறிக்கையின் நன்றியுரையில் அப்பாவின் பெயரையும் சேர்த்தேன். இவர் எந்தத் துறை என்று மேற்பார்வையாளர் கேட்டார். தோட்டத்துக் கிராணி என்றேன்.