வில்லும் வண்டியும்

'வில்வண்டி' என்று வகுப்பில் கூறினால் இன்றைய மாணவர்கள் வில்லும் அம்பும் ஏந்திய தேரினை எண்ணிக்கொள்கின்றனர். கட்டை வண்டியினின்று அதனை வேறுபடுத்தியது, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வைத்த இரும்புப் பட்டைகளின் அடுக்கேயாகும். வளைந்து கொடுத்துப் பின் நிமிர்வதால் அவ்வடுக்கிற்கு வில் என்று பெயரிட்டனர். பட்டறைகளில் அதே உறுப்பினைக் 'கமான்' என்பர். பாரசீக மொழியில் அச்சொல்லுக்கும் வில் என்பதே பொருள். இரு மொழியாரும் ஒரே உவமையைக் கண்டது நமக்கு என்றும் வியப்பளிப்பது.

ஆயினும் இக்கட்டுரை சொல்லாராய்ச்சி அன்று; எம் இல்லத்து அம்பாசிடர் காரின் கமானைப் பற்றியது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை எனப் பெரியோர் வினவக்கூடும். நம் மாணவருள் பலர் வண்டியை மாற்றியமைப்பதில் பெரும்பொருளைக் கொட்டுகின்றனர் என்பதே எம் விடை.

1986-இல் வாப்பா வாங்கிய வண்டி அது. அவர்களின் மறைவுக்குப் பின் காக்காவின் மகன் கைக்கு வந்தது. பொறியியல் பயின்றவன், ஆர்வம் மிக்கவன். பழைய 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, 1990-களில் அம்பாசிடரிலேயே வந்த 1,817 கன சென்டிமீட்டர் இசுசு எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பொருத்தினான். போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றிலும் குறிக்கச் செய்தான். தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துதல் கூடாது என உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த பின்னர், இதில் அசட்டை காட்டுவோர் காப்பீட்டையும் இழக்க நேரிடலாம். எனவே அவன் செய்ததை நாம் மெச்சினோம்.

தொல்லை அதன் பின்னரே தொடங்கிற்று. அறுபதில் ஓடிய வண்டி நூறினைத் தொட்டதும், "சாச்சா, வளைவுல படகு மாதிரி சாயுது" என்றான். நகரத்துப் பட்டறை ஒன்றில் பின்புறக் கமான் ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டைகளைக் கூட்டினர், முன்புறத்தைத் தாழ்த்தினர், அகன்ற டயர்களையும் மாட்டிவிட்டனர். பார்வைக்கு அழகாகவே இருந்தது.

மறு வாரம் உம்மாவை நாகர்கோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முதுகெலும்பில் அறுவை செய்துகொண்டவர்கள் அவர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று எப்படி வீசும் என்பதைத் தென்மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கக் காற்று ஒருபுறம் தள்ள, பாலத்தின் இணைப்பு ஒன்றில் வண்டியின் பின்பகுதி துள்ளி ஒரு முழம் விலகி விழுந்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. முன்னிருக்கையின் விளிம்பைப் பற்றிய கையை ஊர் வந்து சேரும்வரை எடுக்கவுமில்லை.

அன்றிரவு அவனுடன் அமர்ந்து நெடுநேரம் பேசினோம். அவன் கணக்குப் போட்டான். நாம் கேள்வி கேட்டோம். ஐந்து பட்டை கொண்ட கமானில் அதே கனமுள்ள இரண்டைக் கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்துவிடும். விறைப்பு ஏறிய வில் அமுங்கும்போது ஏற்கும் ஆற்றலை மிகுந்த வேகத்தோடு திருப்பித் தரும். அத்துள்ளலை அடக்குவது வில்லின் பணியன்று. ஷாக் அப்சர்பரின் பணி. அதுவோ பழையதாகவே கிடந்தது. அடக்குவாரின்றி விறைத்த வில், டயரைச் சாலையில் அழுத்தி வைப்பதற்கு மாறாக அதனைச் சாலையினின்று எறிந்தது. காற்றில் நிற்கும் டயருக்குப் பிடிப்பு ஏது?

மற்றொன்றும் உண்டு. வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் சுமை வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பதை வேகமும், வளைவும், வண்டியின் எடை மையத்து உயரமும், சக்கரங்களின் இடையகலமுமே பெரும்பாலும் முடிவு செய்யும். அச்சுமையை முன்னிணை எவ்வளவு ஏற்பது, பின்னிணை எவ்வளவு ஏற்பது என்பதையே வில்லின் விறைப்பு பங்கிடுகிறது. பின்புறத்தை மட்டும் விறைக்கச் செய்தால் பின் டயர்களே முதலில் பிடிப்பை இழக்கும். பின்சக்கரம் இயக்கும் வண்டியில், அதுவும் மழையில், அதனினும் தீயது இல்லை.

முன்புறத்தின் கதை வேறு. அம்பாசிடரின் முன்சக்கரங்களைத் தாங்குவது முறுக்குத் தண்டு. அதன் நிலையைத் திருகி வண்டியைத் தாழ்த்தலாம். அதனால் தண்டின் விறைப்பு மாறாது. சக்கரம் மேலெழ இருந்த இடைவெளியே குறையும். நம் ஊர் வேகத்தடைகளில் அது ரப்பர்க் கட்டையில் இடித்து நின்றது. விறைப்பை உண்மையாகவே கூட்ட விரும்பினால் தண்டின் பருமனைக் கூட்ட வேண்டும். பருமனில் பத்து விழுக்காடு மிகுந்தால் விறைப்பில் 46 விழுக்காடு மிகும். இவ்வளவு நுட்பமான கணக்கினைக் கண்ணளவால் முடிப்பது பெருந்துணிச்சல்!

விறைப்பே வேகத்துக்கு அழகு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்ததோ! இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1962-இல் வெளியிட்ட எலான் என்னும் சிறு கார், மென்மையான வில்களோடே வளைவுகளில் பெயர் பெற்றது. ஓட்டப்பந்தயத் தளம் பளிங்குபோல் இருப்பது. அங்கே விறைத்த வில் ஊர்திக்கு ஆகும். நம் சாலைக்கு, நம் சுமைக்கு, நம் வேகத்துக்கு எது பொருந்தும் என்பதன்றோ வினா?

மேலப்பாளையத்தில் எமக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் வண்டியைப் பார்க்கவில்லை; பையனைப் பார்த்து, "இதுல யாரு ஏறப்போறா?" என்று வினவினார். அதற்கு மறுமொழி கூறும்வரை ஸ்பானரைத் தொடவில்லை.

மூன்று நாள் வேலை நடந்தது. கூட்டிய பட்டைகள் கழற்றப்பட்டன. எஞ்சியவற்றின் தளர்ந்த வளைவை மீண்டும் ஏற்றி, நடுவே கிரீஸ் இட்டுக் கட்டினார். தேய்ந்து போன புஷ்களை மாற்றியதுமே சாய்வின் ஒரு பகுதி அகன்றதைக் கண்டு பையன் திகைத்தான். நான்கு ஷாக் அப்சர்பர்களும் புதியவை. முன்புறத்தின் இரு பக்கமும் ஒரே உயரத்துக்கு ஏற்றப்பட்டன. பழைய அளவு டயர்கள் திரும்பி வந்தன. இறுதியாகச் சக்கரச் சீரமைப்பு. செலவு முந்தைய 'அழகு' வேலைக்கு ஆனதில் பாதியும் இல்லை.

வண்டி இப்போதும் வளைவில் சாய்கிறது, சற்றே குறைவாக. காக்கா மகனுக்கு அது முழுநிறைவு தரவில்லை. முன்புறத்தில் சாய்வு தாங்கும் குறுக்குத் தண்டு ஒன்றினைப் பொருத்தலாமே என்கிறான். அது தவறான எண்ணமன்று. நேர்ச்சாலையில் மென்மை பெரிதும் கெடாது, வளைவிலேயே பெரும்பாலும் வேலை செய்யும். நாமோ அதற்கு முன் பிரேக்கைக் கேட்கிறோம். எஞ்சின் புதியது, வேகம் புதியது. நிறுத்துவதோ 1986-ஆம் ஆண்டின் டிரம் பிரேக்! பிற்கால அம்பாசிடர்களில் வந்த முன்சக்கர டிஸ்க் பிரேக் பழைய உதிரிக் கடைகளில் கிடைக்கிறதாம். அதனைப் பார்க்க வரும் ஞாயிறு அவனோடு மதுரை செல்லவிருக்கிறோம். உம்மாவின் அடுத்த மருத்துவமனைப் பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.