எரிமலை இல்லாத நாட்டில்

வன்னியில் எரிமலை இல்லை. மலை என்று சொல்லத்தக்கதே இங்கு அரிது. குளமும் வயலும் காடும் கடலோர மணலுமாய்ப் பரந்து கிடக்கும் இச்சமநிலத்தில் புவியியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். எரிமலைப் பாடம் வரும்போதெல்லாம் மாணாக்கருள் ஒருவராவது கேட்பதுண்டு: "எங்கட ஊரில இல்லாததை நாங்கள் ஏன் படிக்க வேணும், சேர்?" நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறாமல் பாடத்தை நடத்துவது மனனம் செய்விப்பதேயன்றிக் கற்பித்தல் ஆகாது.

1883 ஓகஸ்ட் 27 ஆம் திகதி, யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறிற்று. மாண்டவர் 36,000 பேருக்கு மேல். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, அவ்வெடிப்பு எழுப்பிய கடலலை. அவ்வலை இலங்கைக் கரையையும் வந்து தொட்டது. அப்பகுதியிலே கடலடிப் புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே புகுந்துகொண்டிருக்கிறது. ஆழத்தில் அதிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்த, பாறை உருகி எரிமலையாக எழுகிறது. தட்டுகள் ஒன்றையொன்று பற்றி நின்று, நெடுங்காலம் அழுத்தம் தாங்கித் திடீரென விடுபட்டால் நிலம் நடுங்குகிறது. எரிமலையும் நடுக்கமும் ஒரே இயக்கத்தின் இரு விளைவுகள்.

அந்த நடுக்கம் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்தது. அதன் அளவு 9.1. எழுந்த அலை ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தில் ஓடி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நமது கிழக்குக் கரையை அடைந்தது. கள்ளப்பாட்டிலும் முல்லைத்தீவு நகரிலும் வீடுகள் இருந்த இடம் மணலாயிற்று. கடலோரத்து இராயப்பர் ஆலயம் இடிந்தது. நாடெங்கும் மாண்டவர் 30,000 பேருக்கு மேல். கரைவலை இழுத்தும் மீன் உலர்த்தியும் வாழ்ந்த ஏழைகளே அவருட் பெருந்தொகையினர். கடலுக்கு மிக அருகே குடியிருக்க நேர்ந்தவர் அவர்களே அன்றோ?

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியே நான் மீண்டும் மீண்டும் சிந்திக்கிறேன். பெரும் நடுக்கமொன்று நிகழ்ந்ததை ஹவாயிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் அறிந்துவிட்டது. அச்செய்தி நமது கரைக்கு வரப் பாதை இருக்கவில்லை. சுமாத்திராவுக்கு அருகேயுள்ள சிமியூலு தீவு மக்களோ 1907 இல் வந்த அலையின் நினைவைப் பாட்டன் பாட்டி வாயிலாகப் பேணி வந்தவர்கள். நிலம் நடுங்கியதும் அவர்கள் மேட்டுக்கு ஓடினர். ஏறத்தாழ 78,000 பேரில் மாண்டவர் 7 பேரே எனப் பதிவாகியுள்ளது. நமக்கு அந்த அடையாளமும் கிட்டவில்லை. நடுக்கத்தை இங்கே பெரும்பாலோர் உணரவில்லை. தாய்லாந்துக் கரையிற்போலக் கடல் முதலில் உள்வாங்கி எச்சரிக்கவும் இல்லை. முதல் அலை மேடாகவே வந்தது. இயற்கை மௌனமாயிருந்த அவ்வேளையில் நம்மைக் காக்கக்கூடியது மனிதனின் வாய்ச்சொல் ஒன்றே.

எரிமலை ஆய்வாளர்கள் இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். கொலம்பியாவில் நெவாதோ டெல் ரூயிஸ் எரிமலையின் அபாய வரைபடம் 1985 ஒக்டோபரிலேயே தயாராயிருந்தது. நவம்பர் 13 இரவு எரிமலை வெடித்தது. உருகிய பனியும் சாம்பலும் கலந்த சேற்றுப் பெருக்கு ஆர்மேரோ நகரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் சென்றது. ஆயினும் அந்நகரில் 20,000 பேருக்கு மேற்பட்டோர் புதையுண்டனர். வரைபடம் இருந்தது, உறங்கியவரை எழுப்பும் குரல் இருக்கவில்லை. அவ்வழிவு மொறிஸ் கிராஃப்ட், கத்தியா கிராஃப்ட் என்னும் பிரெஞ்சு ஆய்வாளத் தம்பதியரை உலுக்கிற்று. எரிமலை எவ்வாறு கொல்கிறது என்பதைச் சாதாரண மக்கள் கண்ணாற் கண்டு விளங்கும்படி அவர்கள் ஒரு படம் தயாரித்தனர். 1991 இல் பிலிப்பைன்சின் பினற்றுபோ எரிமலை குமுறியபோது அப்படம் அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் காட்டப்பட்டது. நம்பாதிருந்த பலர் நம்பினர். பல்லாயிரவர் முன்கூட்டியே வெளியேறினர். ஜூன் 15 இல் அவ்வெரிமலை பேராற்றலுடன் வெடித்தது. அதைக் காணக் கிராஃப்ட் தம்பதியர் உயிருடன் இல்லை. ஜூன் 3 ஆம் திகதி ஜப்பானின் உன்சென் எரிமலை அவர்களைப் பலிகொண்டிருந்தது.

கருவிகள் கண்டதை ஏட்டில் எழுதி முடித்தவுடன் விஞ்ஞானியின் கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் வாழ்வு உணர்த்துகிறது. அறிவு, அதற்கு உரியவரின் மொழியிலே அவர் வாசலைச் சென்றடைய வேண்டும். வாடையையும் சோளகத்தையும் கச்சானையும் முகத்தில் படும் காற்றைக்கொண்டே பிரித்தறியும் நமது கடற்றொழிலாளர் அறிவற்றவர் அல்லர். அவர்களுக்குப் புரியாத சொல்லிற் பேசுபவரிடமே குறை இருக்கிறது. 'கடல்கோள்' என்ற சொல்லை முன்னோர் நமக்குத் தந்திருந்தனர். அதன் பொருளை ஏட்டுக்குள் பூட்டிவைத்தோம்.

2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறைமையும் எழுந்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் கோபுரத்திலிருந்து ஒலிக்கும் சங்கு, அதன் பொருள் அறிந்தவனுக்கே எச்சரிக்கை. அறியாதவனுக்கு வெறும் இரைச்சல். இக்கரையின் மக்கள் 2009 இல் மறுபடியும் அனைத்தையும் இழந்து சிதறினர். அலையைக் கண்டு சொல்லக்கூடியவர்கள் பலர் இன்று இல்லை. இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளோ 2004 க்குப் பின் பிறந்தவர்கள். சிமியூலுவில் பாட்டிமார் செய்ததை இங்கே ஆசிரியரும் மாணாக்கரும் செய்தாக வேண்டும். வகுப்பிற் கற்றதை மாணவன் மாலையில் வாடிக்குச் சென்று தந்தைக்குச் சொல்லட்டும். தந்தை கடலைப் பற்றி அறிந்ததை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். அந்தப் போக்குவரத்து நிகழும் இடத்திலேதான் விஞ்ஞானம் மக்களின் உடைமையாகிறது.