நாற்பத்து மூணு ராத்திரியும் ஒரு திருடனும்

2020-ல் ஊரடங்கு போடுவதற்கு முந்தின நாள், கிடைத்த பஸ்ஸைப் பிடித்து பெங்களூரிலிருந்து எங்க பாப்பா வந்து சேர்ந்தது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்க தோட்டத்து வீடு. வீட்டுக்குள்ள நெட் சரியா எடுக்காது. அதனால சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணியானா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிரும். நானும் வெக்கைக்கு அங்கதான் கயித்துக் கட்டிலைப் போட்டுப் படுப்பேன்.

முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அஞ்சு பேர் அஞ்சு ஊரில் இருந்துகொண்டு பேசுகிறார்கள். "நான் கதவுல காதை வெச்சுக் கேக்கறேன்" என்கிறது என் மகள். எந்தக் கதவு? இங்கே மாடியில் தண்ணித் தொட்டி மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு பகடையை உருட்டுகிறது. இருபது முகம் உள்ள பகடை. "பதினாலு" என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, "உள்ள ரெண்டு பேர் பேசுறது கேக்குது" என்று கதையை மேலே கொண்டுபோகிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று அதற்குப் பேர். ஆளுக்கொரு வேஷம். ஒருத்தர் மட்டும் கதை சொல்லி. மலை, காடு, பேய், ராஜா எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்யப் போகிறான் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். நம்ம தாயத்தில் தாயம் விழாமல் காயை இறக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று ரெண்டு பேர் 1974-ல் இதை வெளியிட்டிருக்கிறார்கள். முதல் தடவை ஆயிரம் பிரதிதான் போட்டார்களாம். கைகாக்ஸ் தன் கதையை முதலில் ஆடிப் பார்த்தது அவருடைய சொந்தப் பிள்ளைகளை வைத்து. அதைக் கேட்டதும் அந்த மனுசனை எனக்குப் பிடித்துப்போனது.

இவர்கள் கதை இதுதான். ஒரு நகரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒரே ராத்திரியில் காணாமல் போய்விட்டது. நாலு பேர் தேடிப் போகிறார்கள். என் மகள் வைத்தியச்சி. மதுரைப் பையன் ஒருத்தன் திருடன். குள்ளமான ஆள், பேர் சில்லு. மற்ற ரெண்டு பேரில் ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் வாள்காரன். கதை சொல்லி திருநெல்வேலிப் பொண்ணு.

மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, ஆறு எங்கே போயிருக்கும் என்று இவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பூதம் குடித்துவிட்டது, சாபம் என்று என்னென்னவோ பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே, "ஏங்கண்ணு, ஆறு அப்படியெல்லாம் போகாது. மேல எவனோ மதகை அடைச்சிருப்பான். வாய்க்காலோடயே நடந்து போயிப் பாக்கச் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர்கள் மேலே நடந்து போனபோது அங்கே நிஜமாகவே ஒரு மதகு இருந்தது! கதை சொல்லிப் பொண்ணு நான் சொன்னதை எடுத்துக்கொண்டுவிட்டது. கொடிவேரிப் பாசனத்தில் முறைத் தண்ணிக்கு நாங்கள் படும் பாடு யாரோ ஒரு ராஜாவின் கதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குப் பிடித்ததுதான். மஞ்சள் கணக்கு எழுதுகிற நீள நோட்டில் பின்பக்கமிருந்து இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

ஏன் எழுதினேன் என்றால் அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. எங்க அம்மா ஊர் காங்கயம் பக்கம். சின்ன வயசில் அங்கே ராத்திரி ராத்திரியாக உடுக்கைப் பாட்டு நடக்கும். பொன்னர் சங்கர் கதை, நாங்கள் அண்ணன்மார் கதை என்போம். பாடுகிறவர் வருசா வருசம் அதே கதையைத்தான் பாடுவார், ஆனால் அதே மாதிரி பாட மாட்டார். முன்னால் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் அழுதால் தங்காள் புலம்பல் நீளும். சங்கர் சண்டைக்குச் சிறுசுகள் கத்தினால் இன்னும் நாலு பேர் வெட்டுப்படுவார்கள். அவர் செத்துப்போய் முப்பது வருசம் இருக்கும். அவர் பாடினதில் ஒரு வரி எங்கும் இல்லை. அதே காங்கயம் வட்டாரத்தில் ஓலப்பாளையம் என்ற ஊரில் 1965-ல் பிரெண்டா பெக் என்கிற அம்மா டேப் ரிக்கார்டர் வைத்து இன்னொரு பாடகர் பாடினதை ராத்திரி ராத்திரியாகப் பதிவு செய்திருக்கிறார். 1992-ல் அது புத்தகமாகவும் வந்தது. அதனால் அந்தப் பாட்டு இருக்கிறது. எங்க அம்மா ஊர்க்காரர் பாட்டு அவரோடு போய்விட்டது.

மறுபடி விசயத்துக்கு வருகிறேன். நான் எழுதினதை ஒருநாள் பாப்பா படித்துப் பார்த்தது. "அப்பா, சில்லு அந்தப் பூட்டை மூணு தடவை தொறக்க முடியாம, நாலாவதாத்தான் தொறந்தான். நீங்க ஒரே தடவைல தொறந்த மாதிரி எழுதியிருக்கீங்க" என்றது. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியிருக்கவில்லை. கதை என்றால் நறுக்கென்று இருக்க வேண்டாமா? "அந்த மூணு தடவை தோத்ததாலதாங்கப்பா காவல்காரன் வந்தான்" என்றது. சரிதான். அதிலிருந்து நோட்டு ஓரத்தில் பகடையில் விழுந்த எண்ணையும் எழுதினேன். இன்னொரு வம்பு, ஒரு கிணற்றுக்கு நாற்பது படி என்று கதை சொல்லி ஒருநாள் சொல்லிவிட்டு, நாலு மாசம் கழித்து அறுபது என்றது. எதை எழுதட்டும் என்று போன் போட்டே கேட்டேன். "ரெண்டையும் வைங்கப்பா. ஏறும்போது கூடத்தானே தெரியும்" என்றது. கெட்டிக்காரி.

ஆட்டம் 2021 கடைசியில் முடிந்தது. மொத்தம் நாற்பத்து மூணு ராத்திரி. நோட்டு ரெண்டு. அதை அப்படியே நெட்டில் ஏற்றிவிடலாம் என்று பாப்பாதான் சொன்னது. கூகுள் சைட்ஸில் காசில்லாமல் ஒரு தளம் போட்டோம். ராத்திரிக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம், ஆற்றுக்கு ஒரு வரைபடம். வரைபடம் நான் போட்டது. மதகு, கிளை வாய்க்கால், வடிகால் எல்லாம் சுத்தமாக இருக்கும். போனில் பேசிப் பேசியே டைப் அடித்தேன். மதகு என்று சொன்னால் மது என்று விழும். திருத்தியே கண் போனது. அதிலும் ஒரு பயம். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்ததாம். எத்தனையோ பேர் ஆசை ஆசையாகப் போட்ட பக்கங்கள் அங்கே இருந்திருக்கின்றன. 2009-ல் யாஹூ அதை மூடிவிட்டது. சில தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதனால் நோட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்று பாப்பாவிடம் கண்டிசனாகச் சொல்லிவிட்டேன்.

தளம் போட்டு மூணு மாசத்தில் மதுரைப் பையனிடமிருந்து போன். அதற்குள் அவனுக்கும் மற்றவர்களுக்கும் ஏதோ மனஸ்தாபம். ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள், அதில் வந்தது. முழு விவரம் என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அப்பா, என்னோட சில்லுவை நெட்டுல இருந்து எடுத்துருங்க" என்றான். "உன் பேரே அதுல இல்லையே தம்பி" என்றேன். "பேர் இல்லப்பா. ஆனா சில்லு பேசுறதெல்லாம் நான் பேசுனதுதான? அவங்க உக்காந்து படிச்சுச் சிரிப்பாங்க. எனக்கு அது வேணாம்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் இருபத்தேழாவது ராத்திரி. மதகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்க வேண்டும், நின்றால் மற்றவர்கள் தப்பலாம். வாள்காரனுக்கு நாலு விழுந்தது. மந்திரக்காரிக்கு ஆறு. குள்ளன் சில்லு முன்னே வந்தான், உருட்டினான், இருபது. மாடியில் நான் எழுந்து நின்றுவிட்டேன். நகரத்துக்கு ஆறு திரும்பி வந்தது அவனால். அவனை எடுத்தால் கதையில் என்ன மிச்சம்?

பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இது அஞ்சு பேர் கதைப்பா, அவன் ஒருத்தன் அழிக்கச் சொல்ல முடியாது" என்றது. கதை சொல்லிப் பொண்ணு, தளத்தையே மூடிவிடலாம் என்றது. ரெண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பேசினவன் தன் பேச்சைத் திருப்பிக் கேட்டால், வைத்துக்கொள்ள நான் யார்? நான் மாடியில் ஓசியில் கேட்டவன்.

ஒரு வாரம் உட்கார்ந்து சில்லு பேசினதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவன் பக்கத்தை எடுத்தேன். பன்னிரண்டு ராத்திரியை மொத்தமாகவே எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடங்களில் 'இந்த ராத்திரி இங்கே இல்லை' என்று மட்டும் போட்டேன். இருபத்தேழில் ஒரு வரி விட்டேன், 'மதகை ஒருத்தன் பிடித்துக்கொண்டான்' என்று. அதை மட்டும் அவனுக்கு அனுப்பி, இது இருக்கலாமா என்று கேட்டேன். ரெண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லாததால் இன்னும் இருக்கிறது. பாப்பா ஒரு மாசம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவனே கூப்பிட்டான். மஞ்சள் என்ன விலை போகுது, அம்மா எப்படி இருக்காங்க என்று விசாரித்தான். பாப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. வைக்கப் போகும்போது, "அப்பா, அந்த நோட்டு இருக்கா?" என்றான்.

"இருக்குது சாமி. நீ பேசுனது அத்தனையும் இருக்குது."

"கரையான் பிடிச்சிறாமப் பாத்துக்கங்க."

மர அலமாரியில் இருந்த ரெண்டு நோட்டையும் அன்றைக்கே இரும்பு பீரோவுக்கு மாற்றிவிட்டேன்.