பாட்டியை எறும்பாக்காதீர்கள்!

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவது என் தொழில். போன இடத்திலெல்லாம் ஒரே காட்சிதான்! தஞ்சைப் பெரிய கோவிலையே எடுத்துக்கொள்ளுங்களேன். வானளாவிய விமானம் முழுவதும் படத்தில் விழ வேண்டுமென்று, குடும்பத்தையே அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். விமானம் விழுந்துவிடும், பாட்டியோ எறும்பு!

பாட்டியை உங்களுக்கு நாலைந்து அடி தூரத்தில் நிறுத்துங்கள். விமானம் பின்னால் தொலைவில் இருக்கட்டும். சற்றுக் குனிந்து எடுத்தால் இரண்டும் அடங்கும். கிழக்குப் பார்த்த கோவில். ஆகவே காலை வெயில் முகத்தில் இதமாக விழும். உச்சி வெயிலிலோ கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல் நிழல் கட்டும். அப்போது சுற்று மண்டபத்து நிழலுக்கு வந்துவிடுங்கள். "சிரி, சிரி" என்று விரட்டாதீர்கள். பேச்சுக் கொடுங்கள், சிரிப்பு தானே வரும்.

இன்னொன்று, சகோதரிகளே! பையையும் குழந்தையின் செருப்பையும் காத்துக்கொண்டு ஓரமாக நிற்பது யார்? நீங்கள்தானே! எந்தப் படத்திலும் நீங்கள் இருப்பதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நில்லுங்கள். 1010-ம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட விமானம் எங்கும் போய்விடாது. நாளை உங்கள் குழந்தைகள் ஆல்பத்தில் தேடப்போவது உங்கள் முகத்தைத்தான்.