அடிக்குறிப்பில் இருந்த சதுர மீட்டர்

பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டில் நான் நடத்திய வழக்குகளில் ஒரு ரேடார் பொறியாளருடைய வழக்கை மறக்கவே முடியாது. போர் விமான ரேடார்களை ஒப்பிட்டு அறிக்கை தருவது அவர் வேலை. இரண்டு வெளிநாட்டு ரேடார்களின் கண்டறியும் தூரத்தை ஒரே அட்டவணையில் போடச் சொன்னது நிர்வாகம். ஒன்றுக்கு 150 கிலோமீட்டர், மற்றதற்கு 120. “இந்த எண்களை இப்படியே ஒப்பிடக் கூடாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திறமையில்லாதவர் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம்.

அலுவல் ரகசியச் சட்டம் 1923-லிருந்து அமலில் இருக்கிறது. ரகசியத் தாள் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். “கம்பெனிக்காரன் கண்காட்சியில எல்லாருக்கும் கொடுக்கிற கையேடே போதும் சார்” என்றார்.

நிர்வாகத் தரப்பு அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தபோது அந்தக் கையேடுகளைத்தான் நீட்டினேன். அடிக்குறிப்பைப் படிக்கச் சொன்னேன். எழுத்து பொடி, கண்ணாடியைக் கழற்றி, தாளை முகத்தருகே கொண்டுபோய்ப் படித்தார். 150 என்றவர்கள் வைத்துக்கொண்ட இலக்கின் பிரதிபலிப்புப் பரப்பு 5 சதுர மீட்டர். 120 என்றவர்களுக்கு 1 சதுர மீட்டர்.

“அப்படியானால் தூரமும் ஐந்து மடங்கு மாறுமா?” என்று நீதிபதி கேட்டார். என் கட்சிக்காரர் கூண்டில் ஏறி விளக்கினார். ரேடார் அலை போகும்போதும் வலுவிழக்கிறது, எதிரொலித்துத் திரும்பும்போதும் வலுவிழக்கிறது. அதனால் தூரம், பரப்பின் நான்காம் மூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். ஐந்து மடங்கு பரப்புக்குச் சுமார் ஒன்றரை மடங்கு தூரம். இரண்டாவது ரேடார் அதே 5 சதுர மீட்டர் இலக்கை ஏறக்குறைய 180 கிலோமீட்டரில் பார்த்துவிடும். மட்டம் என்று ஒதுக்கப்பட்டதுதான் மேல்! நீதிபதி கணக்கைத் தன் கையாலேயே போட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

சுகோய்-35 விமானத்தின் இர்பிஸ்-ஈ ரேடாரையும் எடுத்துக்காட்டினோம். 400 கிலோமீட்டர் என்று தயாரிப்பாளர் சொல்வது, 3 சதுர மீட்டர் இலக்கு நேர் எதிரே வரும்போது, வானத்தின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் துழாவினால். பரந்து தேடினால் தூரம் குறையும். இலக்கு விலகி ஓடினாலோ, தரையை ஒட்டிப் பறந்தாலோ இன்னும் குறையும். கண்டுபிடிக்கும் வாய்ப்பு 50 சதவீதமா, 90 சதவீதமா என்பதும் தெரிய வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு அட்டவணை போட்டால், அதை நம்பி எதிரியை நோக்கிப் பறக்கிற விமானியின் உயிருக்கு யார் பொறுப்பு? வாதத்தின்போது இதைச் சொல்லுகையில் என் குரல் உயர்ந்துவிட்டது.

தனிநபர் பணி ஒப்பந்தம் என்பதால் வேலையைத் திருப்பித் தரச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றது தீர்ப்பு. ஆனால் திறமையின்மை என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை, நீக்கியது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று கூறி, செலவுத் தொகையோடு நஷ்டஈடு வழங்கியது. நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பணத்தைக் கோர்ட்டில் கட்டியது.