வெளிறிய முகம்

பல ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் அடிக்கடி மேசைமேல் தலை சாய்ப்பான். சோம்பல் என்று கடிந்துகொண்டேன். அது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. முகம் வெளிறியதால் பெற்றோர் வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தனர். தோட்டத்தில் அது வழக்கந்தானே! காய்ச்சலோ இரு வாரமாகியும் நீங்கவில்லை. அடிபடாமலே கால்களில் நீலத் திட்டுகள். பல் துலக்கினால் ஈறில் குருதி. பால்வெட்டு முடித்து வந்த தந்தையும் நானும் அவனை ஜொகூர் பாருவுக்குக் கொண்டு சென்றோம். இரத்தப் புற்றுநோய் என்றனர். சிகிச்சைக்குப்பின் மீண்டும் பள்ளிக்கு வந்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய மருந்தைக் கொண்டே, 1947 இல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளிடம் இந்நோயைச் சிலகாலம் தணித்துக் காட்டினார். இன்று உரிய சிகிச்சை பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

பெற்றோர்களே, இக்குறிகள் வேறு நோய்களிலும் தோன்றும். ஆயினும் ஒருங்கே கண்டால் அன்றே இரத்தச் சோதனை செய்வியுங்கள். வாகனம் இல்லையெனில் என்னிடம் வாருங்கள்.